ஒரே வீட்டில் இரண்டு ஆராதனை: நடுவில் நிற்கும் மகளுக்கு

கேள்வி:

"எனக்கு 24 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். நான்கு தலைமுறையாக சி.எஸ்.ஐ. குடும்பம். அப்பா இரும்புக்கடை வைத்திருக்கிறார். கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். ஐந்து வருடத்துக்கு முன் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, பைக் விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அம்மா பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்தார். போன வருடம் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். தாலி, கம்மல், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். அன்றிலிருந்து தினமும் சண்டை. விடியற்காலை நாலரைக்கு அம்மா சத்தமாக ஜெபிப்பார்; அப்பா எழுந்து டி.வி.யைச் சத்தமாக வைப்பார். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு உபவாசம், அடுப்பு எரியாது. தையல் காசு போதாதென்று வீட்டுச் செலவுப் பணத்திலும் தசமபாகம் கொடுக்கிறாள் என்று அப்பா கத்துவார். இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை, எல்லாம் என் வழியாகத்தான். அம்மா, 'நீ இரட்சிக்கப்பட்டா இந்த வீடே மாறும்' என்கிறார். அப்பா, 'நீயாவது என் மானத்தக் காப்பாத்து' என்கிறார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் இருவருமே 'பெற்றாருக்குக் கீழ்ப்படியுங்கள்' என்ற வசனத்தைச் சொல்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அப்பா அம்மாவை ஒரு தடவை கன்னத்தில் அடித்துவிட்டார், பிறகு அப்படி நடக்கவில்லை. தம்பி பிளஸ் டூ படிக்கிறான்; ராத்திரி பத்து மணி வரை வீட்டுக்கு வருவதில்லை. நான் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன், ஒன்றும் ஏறவில்லை. அப்பா கடையடைத்து வந்து கேட் கொண்டியைத் தூக்கும் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது. வரன் வேறு பார்க்கிறார்கள். மாப்பிள்ளை எந்தச் சபை என்பதில் அடுத்த சண்டை. இப்போதெல்லாம் எனக்கு ஜெபிக்கவே பிடிக்கவில்லை. இது பாவமா? நான் யார் பக்கம் நிற்பது? வீட்டை விட்டுப் போய்விடலாமா?"

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அம்மாவின் கன்னத்தில் விழுந்த அடி. "ஒரு தடவைதான், பிறகு நடக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சண்டை வேறு, அடி வேறு. சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கும் வீட்டில் எல்லோரும் பேசிப் பழகி ஒரு வழிக்கு வரலாம். கை நீண்டுவிட்ட வீட்டில் அந்தப் பேச்சே பயத்தோடுதான் நடக்கும். ஆகவே மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இனி ஒருமுறை அப்படி நடந்தால் நீங்கள் நடுவில் பாயாதீர்கள். தம்பியையும் பாய விடாதீர்கள். 17 வயதுப் பையன் அப்பாவின் கையைப் பிடித்தால் அன்றைக்கு வேறொரு சண்டை தொடங்கும். வாசல் பக்கம் வந்து பக்கத்து வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் அவசர உதவிக்கு 112. பெண்களுக்கான உதவி எண் 181. தம்பிக்கு இன்னும் 18 ஆகவில்லை என்பதால் அவனே குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் அம்மாவுக்கு மட்டுமல்ல, ஒரே வீட்டில் வாழும் மகளான உங்களுக்கும் பொருந்தும். அப்பாவை உடனே பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்று பயந்தே நிறையப் பெண்கள் இந்தச் சட்டத்தின் பக்கம் போவதில்லை. அந்தப் பயம் வேண்டாம். மாவட்ட சமூக நல அலுவலகம் மூலமாகப் பாதுகாப்பு அலுவலரை அணுகினால், அடிக்கக் கூடாது, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வழி செய்வார்கள். இந்தச் சட்டத்தின்படி, அந்த உத்தரவை மீறினால்தான் அது குற்றம்.

அம்மா இதற்கெல்லாம் சம்மதிக்காமல் இருக்கலாம். "நான் ஜெபத்துல வச்சிருக்கேன்" என்பார். ஜெபத்தில் வைக்கட்டும். உதவி எண்ணும் உங்கள் போனில் இருக்கட்டும். அப்பா அமைதியாக இருக்கும் ஒரு நாளில், அடுத்தவர் காதில் விழாமல், அவரிடம் இந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: "அப்பா, அம்மா எந்தச் சபைக்குப் போறாங்கங்கிறது உங்க ரெண்டு பேர் விஷயம். ஆனா நீங்க அம்மாவ அடிச்சத என்னால மறக்க முடியல. இன்னொரு தடவ நடந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்." அவர் பதில் சொல்லாமல் எழுந்து போகலாம். போகட்டும், காதில் விழுந்தால் போதும்.

இனி தினசரிச் சண்டைக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டில் இரண்டு விதமான விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. குழந்தை ஞானஸ்நானம் போதுமா, பெரியவரான பிறகு முழுக்கு எடுக்க வேண்டுமா. நகை போடலாமா, கூடாதா. ஆவியின் நிறைவில் புரியாத மொழியில் பேசுகிற அந்நியபாஷை இன்றைக்கும் உண்டா, இல்லையா. இதெல்லாம் கோட்பாடு. நாலரை மணிக்கு எவ்வளவு சத்தம், செலவுப் பணத்தில் எவ்வளவு காணிக்கை, வெள்ளிக்கிழமை யார் சமைப்பது. இதெல்லாம் நடப்பு. கோட்பாட்டைப் பேசித் தீர்க்க முடியாது, நடப்பைப் பேசித் தீர்க்க முடியும். உங்கள் கடிதத்துக்கு நான் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி இவ்வளவுதான். பெரியவரான பிறகு ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா என்ற வாதம் 1525இல் ஸூரிக் நகரத்தில் சிலர் மறுபடி ஞானஸ்நானம் எடுத்தபோதே வெடித்தது. பெரிய வேத பண்டிதர்கள் மோதி, அதற்காக ஆட்கள் உயிரையே விட்டும், 500 வருடமாகத் தீராத வாதம் அது. உங்கள் வீட்டு அடுக்களையில் தீராது. அதைத் தீர்க்கிற பொறுப்பு உங்களுக்கும் இல்லை.

ஆனால் அந்த வாதத்துக்கு அடியில் இருவருக்கும் வலி இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே அது தெரிகிறது. அம்மா எப்போது சபை மாறினார்? ஒரே தம்பி இறந்த பிறகு. அந்த மாதங்களில் அவரோடு உட்கார்ந்து அழுதது யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஆலோசனைக்கு என்னிடம் வரும் பல குடும்பங்களில் இதே கதையைக் கேட்கிறேன்: சாவு விழுந்த வீட்டுக்குக் கோயிலிலிருந்து எல்லோரும் வந்தார்கள், அடக்கம் முடிந்தது, போய்விட்டார்கள், பக்கத்துத் தெருச் சபையிலிருந்து இரண்டு பெண்கள் மட்டும் வாரா வாரம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மனம் மாறியதற்கு அதுவே முழுக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் விசுவாசம் உண்மையான விசுவாசமாகவே இருக்கட்டும். ஆனாலும் அந்தச் சபையை அப்பா பழிக்கும்போதெல்லாம், தன் தம்பிக்காக அழ இடம் கொடுத்த ஒரே இடத்தைப் பழிப்பதாகத்தான் அம்மாவுக்குக் கேட்கும்.

அப்பாவின் பக்கம் பாருங்கள். நான்கு தலைமுறை அந்தக் கோயில். அதன் அசனத்துக்கு, அதாவது கோயில் விருந்துக்கு, அரிசி மூட்டை தூக்கியவர் அவர், பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் பந்தல் போட ஆள் பிடித்தவர். கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர், "உங்க வீட்லயே இப்படியா?" என்று கேட்டிருப்பார், கேட்காவிட்டாலும் கேட்பார்களோ என்று நினைத்தே குறுகிப்போயிருப்பார். அதைவிடப் பெரியது தாலி. நம் ஊரில் புருஷன் உயிரோடு இருக்க மனைவி தாலியைக் கழற்றினால் அவர் மனதுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். அம்மாவுக்கு அது ஆண்டவருக்குக் கீழ்ப்படிதல், அப்பாவுக்கு, "நான் செத்துட்டேனா?" என்ற கேள்வி. கோயிலில் ஐயர், அதாவது போதகர், முன்னால் எடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்றால், அதே கோயிலில் நடந்த கல்யாணமும் செல்லாதா என்று அவருக்குள் ஒரு நடுக்கம் இருக்கக்கூடும். அதை வாய்விட்டுக் கேட்க அவருக்குத் தெரியவில்லை. டி.வி. சத்தத்தைக் கூட்டத்தான் தெரிகிறது.

இதையெல்லாம் நீங்கள் போய் அவர்களுக்கு விளக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. அப்படி விளக்கப்போனால் மறுபடியும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். அவர்கள் கத்தும்போது உங்களுக்குள் எழுகிற வெறுப்பு கொஞ்சம் தணியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

"யார் பக்கம் நிற்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். யார் பக்கமும் வேண்டாம். குடும்ப உறவுகளை ஆராய்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன், இருவருக்கு இடையே இறுக்கம் தாங்க முடியாமல் போனால் மூன்றாவது ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்வார்கள் என்று எழுதினார். இறுக்கம் அந்த மூன்றாவது ஆளின் மேல் இறங்கிவிடும். இருவரும் அதனாலேயே பிரியாமலும் சேராமலும் வருடக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். உங்கள் வீட்டில் அந்த மூன்றாவது ஆள் நீங்கள். "அம்மாட்ட சொல்லு, வெள்ளிக்கிழமை கடைக்குச் சோறு வரணும்னு." "அப்பாட்ட சொல்லு, கரண்ட் பில் கட்டணும்னு." ஒவ்வொரு செய்தியோடும் ஒரு கோபத்தையும் சேர்த்துச் சுமக்கிறீர்கள். பக்தியுள்ள வீடுகளில் இன்னொன்றும் நடக்கும். ஓஹாயோவில் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் குடும்பத்தையும் மதத்தையும் ஆராய்ந்த அன்னெட் மஹோனி இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: கணவனும் மனைவியும் கடவுளையே தங்கள் சண்டைக்குள் ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். "ஆண்டவர் என் பக்கம்" என்று ஒருவர் நினைத்துவிட்டால், எதிரில் இருப்பவர் கருத்து வேறுபட்ட மனிதராகத் தெரியமாட்டார், ஆண்டவருக்கே விரோதியாகத் தெரிவார். விட்டுக்கொடுப்பது பாவமாகிவிடும்.

இது கிறிஸ்தவ வீட்டு நோய் என்று யாரும் நினைக்க வேண்டாம். தர்காவுக்கு நேர்ச்சை வைத்த உம்மா, அது கூடவே கூடாது என்று சண்டை போடும் மகன். குலசாமிக்குக் கிடா வெட்டும் மாமனார், இறைச்சி வாசமே ஆகாது என்று மாறிவிட்ட மருமகள். எனக்கு வரும் கடிதங்களில் பெயர்கள்தான் மாறுகின்றன.

அம்மாவின் விடியற்காலை ஜெபத்தை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். "ஆண்டவரே, இந்த வீட்டில் இருக்கிற கடின இருதயத்தை உடைத்துப்போடும்" என்று அம்மா ஜெபிப்பாரா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். வார்த்தை ஆண்டவருக்கு, சத்தம் அடுத்த அறையில் படுத்திருக்கும் அப்பாவுக்கு. அவரும் அதைச் சண்டையாகத்தான் கேட்கிறார். எதிர்த்துப் பேசினால் ஜெபத்தை எதிர்த்ததாக ஆகிவிடும் என்பதால் ரிமோட்டைத் தேடுகிறார். அம்மாவிடம் ஜெபிக்காதே என்று யாரும் சொல்லக் கூடாது, சொன்னாலும் நடக்காது. வேறொன்று கேட்கலாம்: "அம்மா, எல்லாருக்கும் கேக்க ஜெபிக்கும்போது வீட்ல யார் பேரையும் யார் குறையையும் சொல்ல வேண்டாம்மா. அதத் தனியா, மெதுவா ஜெபிங்க." பல அம்மாக்கள் இதற்குச் சம்மதித்திருக்கிறார்கள், ஏனென்றால் இது அவர்கள் விசுவாசத்தில் கை வைக்கவில்லை.

செய்தி சுமப்பதை நிறுத்துங்கள். இதற்குப் பெரிய அறிவிப்பு எதுவும் வேண்டாம். அப்பா "உங்கம்மாட்ட சொல்லு" என்றால், "நீங்களே சொல்லிருங்கப்பா, உள்ளதான் இருக்காங்க." அம்மா சொன்னாலும் அதே பதில், அதே குரல். கோபமோ விளக்கமோ வேண்டாம். முதல் சில வாரம் நிலைமை மோசமாகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "நீயும் அவ பக்கம் சேந்துட்ட" என்பார் அப்பா. "உன் இருதயமும் கடினமாயிட்டு" என்பார் அம்மா. பழகிய வழி அடைபட்டதால் வரும் தள்ளு அது. அந்த வாரங்களில் நீங்கள் மனமிரங்கி ஒருமுறை செய்தி கொண்டுபோனால், அழுத்திக் கேட்டால் வேலை நடக்கும் என்று இருவரும் கற்றுக்கொள்வார்கள். பிறகு இன்னும் அதிகமாக அழுத்துவார்கள். அடுத்து, கடைக்கு ஒருநாள் சோறு போகாமல் போகும். கரண்ட் பில் கடைசி நாள் தாண்டி அபராதத்தோடு வரும். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

வசனத்துக்கு வருகிறேன். பெற்றாருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனம் எபேசியர் 6ஆம் அதிகாரத்தின் முதல் வசனம். அதே அதிகாரத்தின் 4ஆம் வசனம், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருக்கப் பிதாக்களுக்குச் சொல்கிறது. உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். சண்டை நடுவில் அதை எடுத்து வீசத் தோன்றும். வேண்டாம். வசனத்துக்கு வசனம் என்று இறங்கினால் மறுபடியும் கோட்பாட்டுக் களத்துக்குள் போய்விடுவீர்கள், அங்கே அவர்கள் இருவருமே உங்களைவிடப் பழகியவர்கள். "சரிம்மா, கீழ்ப்படியறேன். ஆனா இந்தச் செய்திய நான் கொண்டுபோக மாட்டேன்" என்று சொல்லி நிறுத்துங்கள்.

சண்டை மூண்டுவிட்டால் அந்த நேரத்தில் எந்த நியாயமும் பேசாதீர்கள். சியாட்டிலில் ஜான் காட்மன் என்ற ஆய்வாளர் தம்பதிகளை உட்காரவைத்து, அவர்கள் வாதாடும்போது இதயத்துடிப்பை அளந்து பார்த்திருக்கிறார். நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது தலைக்குள் ஏறாது. உடம்பு இறங்கிவர குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்கிறார். உங்களுக்கு வயிற்றைப் பிசைவதும் இந்த வகைதான். கேட் கொண்டிச் சத்தத்தை உங்கள் உடம்பு ஆபத்து மணியாகப் பழகிவிட்டது. அதனால்தான் அந்தச் சத்தத்துக்குப் பிறகு புத்தகத்தில் ஒரு வரியும் நிற்பதில்லை. இது உங்கள் மூளையின் குறையும் அல்ல, சோம்பலும் அல்ல. குரல் உயரத் தொடங்கியதும், "நான் மாடிக்குப் போறேன், அரை மணி கழிச்சு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் கோபித்துக்கொண்டு போனதாக எடுத்துக்கொள்வார்கள். மேலே போய் சண்டையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காமல், நடந்துகொண்டே மூச்சை மெல்ல நீளமாக வெளியே விடுங்கள். சொன்னபடி அரை மணியில் இறங்கி வாருங்கள்.

நடப்பைப் பேச ஒரு நாள் வேண்டும். ஞாயிறும் வெள்ளியும் வேண்டாம், அன்றைக்கு இருவருக்கும் மனம் சூடாக இருக்கும். பேச ஒரு ஆள் வேண்டும், அது நீங்கள் இல்லை. இருவரும் மதிக்கிற ஒரு பெரியவர்: அப்பாவின் அக்கா இருக்கிறாரா? உங்கள் ஊர்ப் பக்கத்தில் நாத்தனார் பேச்சுக்கு இன்னும் எடை உண்டு, அதோடு தன் தம்பியான உங்கள் அப்பாவை அதட்டவும் அவருக்கு உரிமை உண்டு. சபை பாஸ்டரையும் கோயில் ஐயரையும் இந்தப் பேச்சுக்கு அழைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் வந்தவுடன் பேச்சு எந்தச் சபை சரி என்பதற்குத் தாவிவிடும்.

ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் எடுக்கக் கூடாது. நானாக இருந்தால் பணத்தில் தொடங்குவேன், ஏனென்றால் அதில் கணக்குப் போட முடியும். அம்மா தையலில் சம்பாதிக்கிறார். தசமபாகம் அவருடைய தையல் காசிலிருந்து மட்டும். வீட்டுச் செலவுப் பணத்தை எந்தக் காணிக்கைக்கும் தொடக் கூடாது. அப்பாவும் கோயில் பண்டிகை வரிக்குக் கடைப் பணத்தை எடுக்கும்போது வீட்டில் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். கட்டுப்பாடு இருவருக்கும் இருந்தால்தான் நிற்கும். பிறகு நாலரை மணி. அம்மா பின்கட்டிலோ மாடியிலோ கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கட்டும், அல்லது ஐந்தரை வரை தாழ்ந்த குரலில். அந்த நேரம் டி.வி. போடக் கூடாது. வெள்ளிக்கிழமைச் சோறு என்பது பெரிய விஷயமே இல்லை; தம்பியும் நீங்களும் சேர்ந்து ஒரு புளிக்குழம்பு வைத்தால் தீர்ந்தது. அப்பாவுக்கும் உலை வைக்கத் தெரிந்தால் தப்பில்லை. தாலி விஷயத்தை மட்டும் யாரும் கிளற வேண்டாம். அது இருவரும் தனியாக இருந்து பேச வேண்டியது, அதற்கு இன்னும் காலம் பிடிக்கும். குடும்ப ஆலோசகர் ஒருவரிடம் இருவரும் சேர்ந்து போக ஒருநாள் சம்மதித்தால், அங்கே முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

அம்மாவுக்கு மனநோயோ என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லியிருக்கலாம். ஆராதனையில் அந்நியபாஷை பேசுவதோ, உபவாசம் இருப்பதோ, நகையைக் கழற்றுவதோ மனநோய் அல்ல. அவர் சபையில் எல்லோரும் செய்வதைச் செய்கிறார். தைக்கிறார், சமைக்கிறார், உங்களைப் பற்றிக் கவலைப்படுகிறார். நாள்கணக்கில் தூங்காமல் இருப்பது, தனக்கு மட்டும் கட்டளை கேட்கிறது என்று சொல்லி ஆபத்தான காரியத்தில் இறங்குவது, உபவாசம் என்று உடம்பு ஓயும்வரை சாப்பிடாமல் கிடப்பது, மாமாவை நினைத்து எந்த வேலையும் ஓடாமல் முடங்குவது: இவை வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஜெபத்தை விட்டுவிட்டு மாத்திரை சாப்பிடு என்று சொன்னால் வரமாட்டார். ஜெபித்துவிட்டே போகலாம் என்றால் வருவார்.

தம்பியைப் பற்றி நீங்கள் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி பத்து மணி வரை வெளியே இருப்பவன் ஊர் சுற்றுகிறான் என்று வீட்டில் திட்டு விழும். அவன் சண்டை முடியும் நேரத்தைக் கணக்குப் போட்டு வருகிறான் என்பது என் ஊகம். பெற்றோர் சண்டை பிள்ளைகளை எப்படிப் பாதிக்கிறது என்று பல வருடம் ஆராய்ந்த மார்க் கம்மிங்ஸ் போன்றவர்கள் சொல்வது, கருத்து வேறுபாட்டைப் பார்ப்பதால் மட்டும் பிள்ளை உடைந்துபோவதில்லை. அது தீராமல் தொங்குவதும், தன்னால்தான் என்று பிள்ளை நினைப்பதும்தான் அதிகம் காயப்படுத்துகிறது. அவனிடம் நேராகச் சொல்லுங்கள்: "இது உன்னாலயும் இல்ல, என்னாலயும் இல்ல. நீயும் நானும் இதச் சரிபண்ண வேண்டியதும் இல்ல." எங்கே இருக்கிறான், சாப்பிட்டானா என்று மட்டும் தினம் கேளுங்கள். அக்கா கேட்கிறாள் என்ற எண்ணமே அந்த வயதில் பெரிய பிடிமானம்.

இனி உங்கள் மனதை உறுத்தும் கேள்வி. ஜெபிக்கப் பிடிக்காமல் போனது பாவமா? பாவம் எது என்று சொல்வது என் தொழில் அல்ல. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வீட்டில் நடக்கும் ஒவ்வொரு ஜெபத்தோடும் ஒரு சண்டை ஒட்டிக்கொண்டு வந்தால், முழங்கால் போடும்போதே உடம்பு சண்டைக்குத் தயாராகிவிடும். மனம் விலகத்தான் செய்யும். இது ஆண்டவரை விட்டு விலகுவதா, சத்தத்தை விட்டு விலகுவதா என்று இப்போதே தீர்ப்பெழுத வேண்டாம். சத்தம் குறைந்த பிறகு உங்களுக்கே தெரியவரும். அதுவரை யாருக்கும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. "நீ இரட்சிக்கப்பட்டா வீடு மாறும்" என்று அம்மா சொல்வது அன்பில் சொல்வதுதான். ஆனால் வீட்டை மாற்றுவதற்காக எடுக்கிற ஞானஸ்நானமும், அப்பாவின் மானத்தைக் காப்பதற்காகக் கோயிலில் உட்காருவதும் உங்கள் விசுவாசமாக ஆகாது. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு எங்கே போக மனம் வருகிறதோ அங்கே போங்கள், போகாமல் இருக்க மனம் வந்தால் அதையும் சண்டையில்லாமல் சொல்லுங்கள். உங்களுக்குச் சந்தேகங்கள் இருக்குமானால் அவற்றை நம்பகமான ஒருவரிடம் பேசுங்கள். சண்டை நடுவில் ஆயுதமாக எடுக்காதீர்கள்.

வீட்டை விட்டுப் போகலாமா? போகலாம். 24 வயதுப் பெண் படிப்புக்காகவோ வேலைக்காகவோ வெளியே தங்குவது துரோகம் இல்லை. ஆனால் ஒரு ராத்திரிச் சண்டையின் முடிவில், பையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கோபத்தில் அறுத்துக்கொண்டு போகிறவர்கள் சண்டையையும் மனதுக்குள் கொண்டுபோகிறார்கள் என்பதைப் போவன் மட்டுமல்ல, எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நாள் குறித்து, பணம் சேர்த்து, இடம் பார்த்து, இருவரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் போனால் அம்மாவை அடித்துவிடுவாரோ என்ற பயம் உங்களுக்குள் இருக்கும். அதனால்தான் மேலே சொன்ன எண்களையும் பக்கத்து வீட்டையும் அத்தையையும் முதலில் ஏற்பாடு செய்யச் சொன்னேன். அம்மாவுக்கு நீங்கள் ஒருவரே காவல் என்று இருக்கக் கூடாது.

அதுவரை பகலிலாவது வெளியே போங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று உண்டு. குரூப் 4 போன்ற தேர்வுகளுக்கு அங்கே இலவசமாகப் பயிற்சி நடத்துகிறார்கள். இல்லையென்றால் மாவட்ட மைய நூலகம். காலையில் போய் மாலையில் வந்தால் பஸ் காசுதான் செலவு. படித்தது ஏறும், அதைவிட, நாளில் ஏழெட்டு மணி நேரம் எந்தச் சத்தத்துக்கும் காது கொடுக்காமல் இருக்க உங்கள் உடம்பு பழகும். தூக்கம் கெட்டால், சாப்பாடு குறைந்தால், வாழவே வேண்டாம் என்ற நினைப்பு ஒருநாள் எட்டிப் பார்த்தாலும் 14416ஐ அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு போட்டு நேரடியாகப் பார்க்கலாம்.

கடைசியாக வரன். இந்த வீட்டிலிருந்து தப்பிக்க ஒரு கல்யாணத்துக்கும் தலையாட்டாதீர்கள். மாப்பிள்ளை எந்தச் சபை, பெண்ணுக்கு எத்தனை பவுன், தாலி உண்டா இல்லையா என்று அப்பாவும் அம்மாவும் உங்கள் கல்யாணத்தை வைத்துத் தங்கள் வழக்கைத் தீர்த்துக்கொள்ளப் பார்ப்பார்கள். அவர்கள் வேண்டுமென்றே செய்யமாட்டார்கள், ஆனாலும் அப்படித்தான் நடக்கும். இருவரும் கூடத்தில் இருக்கும் நேரம் பார்த்து, ஒரே தடவையில் இருவருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: "பரீட்சை முடியற வரைக்கும் எனக்கு வரன் பாக்க வேண்டாம். அதுக்கப்புறம் எந்த முறைல கல்யாணம்னு என்னட்ட கேட்டுட்டுதான் பேசணும்." தனித்தனியாகச் சொன்னால் இரண்டு கதையாகிவிடும். புரோக்கரிடம் ஏற்கெனவே போட்டோ கொடுத்திருந்தால் திருப்பி வாங்கித் தரச் சொல்லி அத்தையிடம் கேளுங்கள்.